பெற்றோர் மறைந்தபின் பிள்ளைகளைத் தாங்குவது யார்?

(இறந்த நம்பிக்கையாளர் மாதத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

வாசகம்: தொடக்க நூல் 50:1-21



நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே நம் கல்லறைத் தோட்டத்தில் வேலை தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்று சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுபத்தியுமாக எல்லாக் குடும்பங்களும் வந்து நிற்கும். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதைப் பார்க்கும்போது மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு.

ஆனால் சில கல்லறைகளில் வேறொன்றையும் நான் கவனித்திருக்கிறேன். காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு மாலை வந்து விழுகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் இன்னொரு மாலை வருகிறது. இரண்டும் ஒரே தாய்க்குத்தான். காலையில் வந்தவர் மூத்த மகன், மாலையில் வந்தவர் இளைய மகன். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்பதற்காக நேரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டையும் நிலத்தையும் பிரித்தவர்கள் கடைசியில் கல்லறைத் திருநாளையும் பிரித்துக்கொண்டார்கள்.

அன்பார்ந்தவர்களே, பெற்றோரில் ஒருவர் இறக்கும்போது பிள்ளைகளுக்கு இரண்டு இழப்புகள் நேரிடுகின்றன. முதல் இழப்பு எல்லாருக்கும் தெரியும்: அப்பா இல்லை, அம்மா இல்லை. இரண்டாவது இழப்பு உடனே தெரிவதில்லை. உடன்பிறந்தவர்களை இணைத்து வைத்திருந்த பாலம் போய்விடுகிறது. அம்மா இருந்தவரை தீபாவளிக்கும் கிறிஸ்மசுக்கும் எல்லாரும் ஒரு வீட்டில் கூடினார்கள். அண்ணனைப் பற்றித் தம்பி குறை சொன்னால், அதைப் பாதியாகக் குறைத்து அண்ணனிடம் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவர் போனபின் அந்த வேலையை யார் செய்வது? இந்தக் கேள்விக்குத் திருவிவிலியம் தரும் விடையைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

யாக்கோபின் மரணமும் எகிப்தியரின் கண்ணீரும்

தொடக்க நூலின் கடைசி அதிகாரத்தில் யாக்கோபு இறந்துபோகிறார். அவருடைய மகன் யோசேப்பு தந்தையின் முகத்தின்மேல் விழுந்து அழுகிறார். பிறகு நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடினார்கள் என்று நூல் சொல்கிறது. யார் இந்த எகிப்தியர்? வேற்று இனத்தார், வேற்று மொழியினர், வேற்றுத் தெய்வங்களை வணங்கியவர்கள். யாக்கோபு பஞ்சம் பிழைக்க அவர்கள் நாட்டுக்கு வந்த ஓர் ஆட்டிடையர். அவருக்காக அவர்கள் அழுதார்கள். அவருடைய உடலைக் கானான் நாட்டுக்கு எடுத்துச் சென்றபோது கூடவே நெடுந்தொலைவு நடந்தார்கள். வழியில் ஒரு போரடிக்கும் களத்தில் ஏழு நாள் தங்கிப் புலம்பினார்கள். அந்த ஊரார் பார்த்து வியந்து, அந்த இடத்துக்கே அதனால் ஒரு பெயர் வைத்தார்கள்.

இது நமக்குப் புதிய செய்தியா? நம் காவேரிப்பட்டினத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் தென்பெண்ணை, மறுபக்கம் பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலை. தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் உருது பேசுவோரும் ஒரே தெருவில் வாழ்கிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டிலிருந்து காப்பி வரும், எதிர்வீட்டிலிருந்து சோறும் ரசமும் வரும். பந்தல் போட ஒருவர் ஓடுவார், சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்ல ஒருவர் போனை எடுப்பார். கொடுத்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. எகிப்தியர் யாக்கோபுக்குச் செய்ததைத்தான் நம் அயலார் நமக்குச் செய்கிறார்கள். இந்த நல்ல வழக்கத்துக்காக நாம் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் வாசகம் அத்தோடு முடியவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் வீடு திரும்பியபின் யோசேப்பின் அண்ணன்மாருக்குப் பயம் வந்துவிடுகிறது. அப்பா இருந்தவரை சும்மா இருந்த யோசேப்பு இனி நம்மைப் பழிவாங்குவானோ என்று நடுங்குகிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் யோசேப்பைக் குழியில் தள்ளி விற்றவர்கள் அல்லவா? ஆகவே, தந்தை இறக்குமுன் உங்களை மன்னிக்கச் சொன்னார் என்று தூது அனுப்புகிறார்கள். நேரில் வந்து சொல்லக்கூட அவர்களுக்குத் தைரியம் இல்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுகிறார். பயப்படாதீர்கள் என்கிறார். உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நானே பராமரிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார்.

யோசேப்பு தாயில்லாப் பிள்ளை என்பதை மறந்துவிடாதீர்கள். அவருடைய தாய் ராகேல், தம்பி பென்யமினைப் பெற்றெடுத்த வேளையில், பயண வழியிலேயே இறந்துபோனார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தம்பியை எகிப்தில் கண்டபோது யோசேப்பு அடக்க முடியாமல் அறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். தாயின் மரணத்தையும் தந்தையின் மரணத்தையும் கண்ட இந்த மனிதர், பழைய கணக்கைத் தீர்க்காமல், பாலம் இருந்த இடத்தில் தாமே பாலமாக நின்றார்.

என் வீட்டில் நடந்தது

இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் நான் பேசவில்லை. என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் இரவு நெஞ்சு வலிக்கிறது என்றார், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, தம்பி ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு அதுவரை வெளிவேலை தெரியாது. பிறகு மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைக்குப் போனார்கள். பருவம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்.

அந்த ஓராண்டு எங்களைத் தாங்கியது அக்கம்பக்கத்தார்தான். பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார்கள். எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அம்மா ஆலைக்குப் போன நாள்களில் மூன்று பேருக்கும் ராகிக் களி கிண்டி, கீரைக் குழம்போடு சட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். பெரியவன் என்று எனக்கு ஓர் உருண்டை கூட, சின்னவன் என்று அவனுக்குக் குறைவு என்று பார்த்ததே இல்லை, மூன்றும் ஒரே அளவுதான். எதிர்வீட்டு இஸ்லாமியக் குடும்பத்தில் ஒரு பழைய தையல் எந்திரம் இருந்தது. அக்காவை அழைத்துத் தையல் சொல்லிக்கொடுத்து, பிறகு அந்த எந்திரத்தையே எங்கள் திண்ணையில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ஆலயத்தில் மரியாயின் சேனையைச் சேர்ந்த ஒருவர், தம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அப்பாவின் வைப்புநிதிப் பணத்துக்காக அம்மாவை மூன்று முறை பேருந்தில் அழைத்துப் போய் வந்தார். முதல் முறை ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள், இரண்டாம் முறை ஒரு கையெழுத்து சரியில்லை என்றார்கள். அவர் சலித்துக்கொள்ளவில்லை. அந்தப் பணம் வந்ததால்தான் நானும் தம்பியும் படித்தோம்.

அக்கா படிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு தையலில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து அம்மாவும் இறந்தார்கள். நான் அப்போது குருவானவன். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த இரண்டு வாரத்தில் தம்பி வீட்டைப் பற்றிப் பேசினான். அக்காவுக்குக் கல்யாணத்தில் போட்டாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு, ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றான். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கு எதற்கு இந்த உலகக் காரியம் என்று ஒதுங்கிக்கொண்டேன். அது துறவு என்று அன்று நினைத்தேன். அது கோழைத்தனம் என்று இன்று தெரிகிறது. பத்திரம் எழுதி, பதிவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லாமல் சரி என்றார்.

இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்கள் சட்டமும் பேசவில்லை, வேதமும் பேசவில்லை. "அன்னைக்கு மூணு பேருக்கும் ஒரே சட்டியில களி கிண்டினேன்யா. மூணு உருண்டையும் ஒரே அளவாத்தான் புடிச்சேன். இப்ப நீங்க எப்படிப் புடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். தம்பி தலை குனிந்தான். நான் அதைவிட அதிகமாகக் குனிந்தேன். அந்தப் பத்திரம் பதிவாகவில்லை. வீட்டை மூன்று பாகமாகப் பிரித்து, என் பாகத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தோம். இன்று கல்லறைத் திருநாளில் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் நிற்கிறோம். அது எங்கள் நல்ல குணத்தால் வந்ததல்ல. பழைய சட்டியை நினைவில் வைத்திருந்த ஓர் அயல்வீட்டுப் பெண்மணியால் வந்தது.

புனித குழந்தை தெரேசாவின் வீடு

நாம் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் புனித குழந்தை இயேசுவின் தெரேசாவும் தாயை இழந்த பிள்ளைதான். அவருடைய தாய் செலி மார்ட்டின் மார்பகப் புற்றுநோயால் 1877 ஆகஸ்டு 28ஆம் நாள் பிரான்சில் அலான்சோன் நகரில் இறந்தார். அப்போது வீட்டில் ஐந்து பெண் பிள்ளைகள். மூத்தவர் மரிக்கு 17 வயது. அடுத்து பவுலின், லியோனி, செலின். கடைக்குட்டி தெரேசாவுக்கு ஐந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை.

தாய் நோயில் கிடந்த நாள்களில் செலினையும் தெரேசாவையும் பகல் நேரத்தில் தெரிந்த ஒரு குடும்பத்தில் விட்டிருந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஒரு நல்ல சர்க்கரைப் பாதாமி பழம் கிடைத்தது. செலின் தங்கையிடம் குனிந்து, இதை நாம் சாப்பிட வேண்டாம், அம்மாவுக்குக் கொடுப்போம் என்றார். ஆனால் அம்மா எதையும் சாப்பிடும் நிலையில் இல்லை. தாய் இறந்தபின் தெரேசா அதிகம் அழவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. நடைவழியில் சவப்பெட்டியின் மூடி சாத்தி வைக்கப்பட்டிருந்ததை அந்தச் சிறுபிள்ளை தனியே நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அழாத பிள்ளைக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சாவு வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவனைப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறோம். அவனுக்குத் தெரியும். சொல்ல வார்த்தை இல்லை, கேட்க ஆளும் இல்லை. தாயின் மரணத்துக்குப் பின் தெரேசாவின் கலகலப்பான குணம் மாறிப்போனது. எதற்கெடுத்தாலும் கண்ணீர்விடும் பிள்ளையானார். 1886ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் இரவில்தான் தமக்கு அதிலிருந்து விடுதலை கிடைத்தது என்று சொல்கிறார். ஒன்பது ஆண்டுகள்! முப்பதாம் நாள் திருப்பலியோடு துக்கம் முடிந்துவிடுவதில்லை.

அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் யார்? அடக்கம் முடிந்த அன்று செலின் மூத்த அக்கா மரியின் கைகளில் போய் விழுந்தார், நீயே இனி என் அம்மா என்று. தெரேசா பவுலினைத் தாயாகத் தேர்ந்துகொண்டார். தந்தை லூயி மார்ட்டின், தம் நண்பர்களும் பழகிய ஊரும் இருந்த அலான்சோனை விட்டுவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் பிள்ளைகளோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். காரணம், செலியின் தம்பி இசிதோர் கெரென் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். தாய்மாமனும் அத்தையும் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வீடாக இருந்தார்கள். தாய்மாமன் என்ற உறவின் அருமை தமிழர்களாகிய நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நடுமகள் லியோனி வளர்ப்பதற்குக் கடினமான பிள்ளை. துறவு மடத்தில் சேர்ந்து மூன்று முறை திரும்பி வந்தவர். வீட்டார் அவரைக் கைவிடவில்லை. 1899இல் அவர் மீண்டும் மடம் புகுந்து கடைசிவரை நிலைத்திருந்தார். ஐந்து பேரும் துறவியரானார்கள். பெற்றோர் லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். ஒரு புனிதக் குடும்பம்கூட மற்றவர் கையைப் பிடித்துத்தான் துக்கத்தைக் கடந்தது.

நாகப்பட்டினத்தில் பிறந்த உடன்பிறப்புகள்

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மசுக்கு மறுநாள். ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வேளாங்கண்ணி மாதாவைத் தரிசிக்க வந்தவர்களும் அதில் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. தங்கள் பெயர்கூடச் சொல்லத் தெரியாத கைக்குழந்தைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற திரு. ஜெ. இராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளை அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். பிள்ளைகள் அவர்களை அப்பா, அம்மா என்றே அழைத்தார்கள்.

வியப்பு என்னவென்றால், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபின்னும் அந்த உறவு அறுந்துபோகவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் திருமணம் நடந்தபோது, அவர் வந்து தந்தையின் இடத்தில் நின்று நடத்திவைத்தார். ஒரே தாய் வயிற்றில் பிறக்காத பிள்ளைகள் அந்தக் காப்பகத்தில் அக்கா, தங்கை என்று வளர்ந்தார்கள். அலை வந்த வாரத்தில் உதவி செய்தவர்கள் ஏராளம். பதினேழு ஆண்டு கழித்தும் வந்து நிற்பவர்களே பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பார்ந்தவர்களே, அனாதைகளையும் கைம்பெண்களையும் அவர்கள் துன்பத்தில் கவனிப்பதே தூய்மையான சமயப் பற்று என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். இதை நம் பங்கில் எப்படிச் செய்வது? சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாற்பதாம் நாளுக்குப் பிறகு போங்கள். முதல் பத்து நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பாத்திரம் வைக்க இடம் இருக்காது. இரண்டாம் மாதத்தில்தான் வீடு வெறிச்சோடும். நம் அன்பியங்கள் ஒவ்வொன்றும் தம் பகுதியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். 1833இல் பாரிசில் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஒசானாம் என்ற 20 வயது மாணவர், தம் நண்பர்களுக்குச் சொல்லித்தந்த முதல் பணி இதுதான்: ஏழையின் வீட்டுக்கு நேரில் போவது.

இரண்டாவது, ஞானத்தாய், ஞானத்தந்தை ஆனவர்கள் உங்கள் ஞானப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். திருமுழுக்கு நாளில் வெள்ளை உடையும் ஒரு மோதிரமும் வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. அந்தப் பிள்ளையின் தந்தையோ தாயோ இறந்துவிட்டால், முதலில் போய் நிற்க வேண்டியவர் நீங்கள்.

மூன்றாவது, காகித வேலையில் உதவுங்கள். இதுவும் இரக்கச் செயல்தான். துக்கத்தில் இருப்பவருக்குப் படிவம் நிரப்ப மனம் வராது. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நம் பகுதியில் ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். வைப்புநிதி உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் மூன்று உரிமைகள் உண்டு: சேர்ந்திருக்கும் வைப்புநிதித் தொகை, குடும்ப ஓய்வூதியம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு. இவற்றுக்கு முறையே படிவம் 20, படிவம் 10டி, படிவம் 5ஐஎப் என்று மூன்று படிவங்கள். கணவனையோ மனைவியையோ இழந்தவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியத்தோடு, 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியே அதில் 25 சதவீதம் உண்டு. பெற்றோர் இருவருமே இல்லையென்றால் அது 75 சதவீதம். பலர் முதல் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்கத் தெரியவில்லை, அதுதான் காரணம். நம் பங்கில் அலுவலக வேலை தெரிந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள். ஒரு நாள் அவர்களோடு போங்கள்.

தமிழக அரசு 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் 18 வயது வரை வழங்கும் திட்டம் அது. பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு பிறருக்குச் சொல்லுங்கள்.

நான்காவது, மூத்த பிள்ளையைப் பாருங்கள். வீட்டில் சாவு விழுந்தால் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் மூத்த மகள்தான். நல்ல பெண், பொறுப்பான பெண் என்று ஊர் புகழும். அந்தப் புகழ்ச்சியிலேயே அவளுடைய படிப்பு முடிந்துபோகும். என் அக்காவுக்கு அன்று தையல் எந்திரம் கிடைத்தது, அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவன். ஆனால் நீ படி, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இன்று அதைச் சொல்பவர்கள் நாமாக இருப்போம்.

ஐந்தாவது, பங்கு பிரிக்கும்போது நியாயமாக இருங்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாகச் சேரும். மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. கல்யாணத்தில் நகை போட்டதால் அந்த உரிமை போய்விடாது. அக்காளோ தங்கையோ மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் பெருந்தன்மை. விட்டுக்கொடுக்காவிட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடும் என்ற பயத்தில் போடும் கையெழுத்து விட்டுக்கொடுத்தல் ஆகாது. சொத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும்படி ஒருவர் இயேசுவிடம் வந்து கேட்டபோது, ஆண்டவர் நடுவராக இருக்க மறுத்துவிட்டு, பேராசையைக் குறித்து எச்சரித்தார். லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். பங்கு எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லிவிடும். பங்கு பிரித்தபின்னும் உடன்பிறப்புகளாக இருப்பதற்கு நற்செய்தி வேண்டும்.

சிலுவையடியில் பிறந்த குடும்பம்

இறுதியாக ஒன்று. பெத்தானியாவில் லாசர் இறந்தபோது அவருடைய சகோதரிகள் மார்த்தாவுக்கும் மரியாவுக்கும் ஆறுதல் சொல்ல ஊரார் பலர் வந்திருந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். இயேசுவும் வந்தார். உயிர்த்தெழச் செய்யப் போகிறோம் என்று தெரிந்தும், முதலில் அவர்களோடு அழுதார். அழும் வீட்டில் நமக்குப் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. இறைவனின் திட்டம், எல்லாம் நன்மைக்கே என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கூட உட்காருங்கள், அது போதும்.

அதே இயேசு சிலுவையில் தொங்கும்போது, தம் தாயைத் தம் அன்புச் சீடரிடமும், சீடரைத் தாயிடமும் ஒப்படைத்தார். அந்த நேரம் முதல் சீடர் மரியாவைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். இரத்த உறவில்லாத இருவர் அங்கே தாயும் மகனும் ஆனார்கள். திருச்சபை என்ற குடும்பம் ஒரு சாவு நிகழ்ந்த இடத்தில் தொடங்கியது என்பதை நாம் மறக்கலாகாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் களிச் சட்டியும் அங்கிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன்.

இந்த நவம்பர் மாதத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். பெற்றோரை இழந்த ஒரு வீட்டுக்குப் போங்கள். உங்கள் உடன்பிறந்தவரோடு பேச்சு இல்லையென்றால், போனை எடுத்து, அம்மா கல்லறைக்கு எத்தனை மணிக்கு வருகிறாய், நானும் வருகிறேன் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, எங்களைப் பெற்று வளர்த்து உம்மிடம் வந்து சேர்ந்த எங்கள் தாய் தந்தையருக்கு நிலையான இளைப்பாற்றியைத் தந்தருளும். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளை ஒருவரையொருவர் தாங்கச் செய்யும். அழுகிற வீட்டுக்குப் போகும் கால்களையும், சம அளவில் பகிரும் கைகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.